கோட்டுக்கு வெளியே ஒரு மூச்சு

எண்ணெயும் எரிவாயுவும் இருக்கக்கூடிய நிலத்தடிப் பகுதிகளுக்கு எல்லை வரைவது என் நண்பனின் வேலை. அவனுடைய வரைபடத்தை வாங்கிவந்து, அந்தக் கோடு தரையிலும் தெரியும் என்று தஞ்சாவூருக்கு மேற்கே தேடி அலைகிற அசடு நான். ஒரு வரப்பைக் கோடென்று நம்பிப் படமும் எடுத்தாகிவிட்டது.

வரப்பின் முடிவில் ஒரு போர்வெல். மோட்டார் ஓடவில்லை. ஆனால் குழாயின்மேல் கவிழ்த்திருக்கும் கொட்டாங்கச்சி தானாக எழும்பி, டக்கென்று விழுகிறது. பயிரில் ஓர் இலை அசையவில்லை, காற்றே இல்லை.

"இங்க சிகரெட் பத்த வச்சிராதீங்க" என்கிறார், களை பறித்துக்கொண்டிருந்த நிலத்துக்காரம்மா. வரைபடத்தைப் பார்த்ததும் கரையேறி வருகிறார். "எங்க நெலம் உள்ளயா, வெளியயா? உள்ளன்னா தோண்ட வந்துருவாங்க சார். இருக்கறதே இந்த ரெண்டு மா நெலந்தான்."

கோட்டை விரலால் தடவிப் பார்த்துச் சொல்கிறேன்: "வெளியதாங்க. கவலைப்படாதீங்க, அடியில ஒண்ணும் கிடையாது."

டக்.

"அப்ப மூச்சு வுடுறது யாருங்க?"

அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தை மடித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறேன்.

பஸ் ஏறியதும் நண்பனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்கிறேன்.

"கூறுகெட்டவனே, அந்தக் கோட்டோட தடிமனே தரையில ரெண்டு கிலோமீட்டர் வரும்டா. அதுக்குள்ள நின்னுக்கிட்டா அந்தம்மாவுக்குத் தீர்ப்பு சொன்ன?"