தனி முடியும்வரை வடை இல்லை

மேடையில் பேர் வாங்கியவர்களை ஊர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறது. நான் அவர்களைப் பசி நேரத்தில் பார்த்தவன். மயிலாப்பூரில் ஒரு சபாவின் கேன்டீனில் பரிமாறுவது என் வேலை. ராஜா வேஷம் கட்டிய பெரிய நடிகர் ஒட்டு மீசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாம்பார் இட்லி சாப்பிடுவார். விருது மேல் விருது வாங்கிய பாடகி, பாடுவதற்கு முன்னால் ரசம் மட்டும் போதும் என்பார். பாடி முடித்த பிறகு எத்தனை போண்டா என்று யாரும் எண்ணக்கூடாது. நான் எண்ணியதில்லை. வாய்விட்டுக் கேட்டதும் இல்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது.

கச்சேரியில் பெரிய பாட்டு ஒன்று வரும். அதன் கடைசியில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கக்காரரைத் தனியாக வாசிக்க விடுவார். தனி ஆவர்த்தனம் என்பார்கள். எங்கள் அடுப்பங்கரைக்கு அதுதான் மணி. ஒலிபெருக்கியில் மிருதங்கம் மட்டும் கேட்டால் வடையை எண்ணெயில் போட வேண்டும். பாதி ஹால் எழுந்து எங்களிடம் வந்துவிடும்.

ஒரு டிசம்பரில், கச்சேரி நாள் மத்தியானம், மிருதங்க வித்வான் ஒருவர் சமையற்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். மூன்று தலைமுறைப் பாடகர்களுக்கு வாசித்தவர். வெளிநாடுகளில் அவர் தனிக்கு ஜனம் எழுந்து நின்று கைதட்டுமாம். எங்கள் சபாவிலும் எழுந்து நிற்பார்கள். ஆனால் கதவைப் பார்த்து.

"ஒரு ஒத்தாசை பண்ணணுமே" என்றார் எங்கள் சமையல் மாஸ்டரிடம்.

"இன்னா சாமி, சொல்லுங்க."

"இன்னிக்கு என் தனி முடியற வரைக்கும் வடை போடப்படாது."

மாஸ்டர் மாவைக் கலக்குவதை நிறுத்தினார். "ஏன் சாமி, வாசன மேடைக்கு வருதா?"

"வாசனை வந்தா வரட்டும். ஜனம் போகப்படாது." குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் எனக்குப் பட்டம் குடுக்கறா. அதனால ஆத்துக்காரி வரா. கல்யாணம் ஆனதுலேந்து ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. நான் தனி வாசிச்சா ஹால்ல ஒரு ஈ கூட நகராதுன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"நகராதா? நீங்க வாசிக்க சொல்லோதான் சாமி எங்க யாவாரமே கீது!"

"அதான் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள்."

மாஸ்டருக்கு மனசு இளகியது. "சரி, போங்க. அம்மா முன்னாடி உங்க மானம் போவக் கூடாது."

சாயங்காலம் காபிக்கு வந்தவர்களிடமெல்லாம் மாஸ்டர் ஒரே பாட்டு. "வடையா? தனி முடிஞ்சப்புறம் சூடா வாங்கிக்கோ நைனா. நடுவுல வந்தா ஒண்ணும் கெடையாது. அடுப்பு மக்கர் பண்ணுது." செய்தி ஹால் முழுக்கப் பரவியது. தினமும் வரும் பெரியவர் ஒருவர், டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன மாதிரி முகம் வாடி, "அப்போ தனியைக் கேட்டுத்தான் ஆகணுமா?" என்றார்.

வெந்நீர் பிளாஸ்க்கைக் கொடுக்க மேடை ஓரம் போனேன். தனி ஆரம்பித்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையில் வித்வானோடு வந்திருந்த அந்த அம்மா, மடியில் கைப்பையோடு. வித்வான் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு நடுப்பாதையில் நடந்தார். அவர் ஒருவர்தான். வித்வானின் கை மிருதங்கத்தில் இருந்தது. கண் கதவுவரை அவர் பின்னாலேயே போனது.

பின்பக்கமாக ஓடி வந்தேன். எனக்கு முன்னால் அவர் கேன்டீனில் நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, வடை இருக்கா?"

"தனி முடியணும்மா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அது எங்க முடியப் போறது! எனக்குப் பசிக்கறது."

மாஸ்டர் என் காதில், "யாருக்காக நிறுத்தி வச்சோமோ அவங்களே வந்து கேக்கறாங்க. நான் இன்னாய்யா பண்றது?" என்று சொல்லிவிட்டு நாலு வடையை எண்ணெயில் போட்டார்.

அந்த அம்மா ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னிக்கு நன்னாத்தான் வாசிக்கறார்."

"உள்ள உக்காந்தே கேக்கலாமேம்மா?" நான் அந்த வருஷம் பேசியதில் அதுதான் பெரிய பேச்சாக இருக்கும்.

"கார்த்தாலேந்து சாப்பாட்டுத் தட்டுல, குக்கர் மூடியில, பீரோ கதவுலன்னு இதையேதான் வாசிச்சிண்டிருந்தார். எனக்கு மனப்பாடம். பாரு, இப்போ சுருக்கிடுவார்."

"ஏம்மா?"

"நான் எழுந்து வந்துட்டேனே."

அப்படியே நடந்தது. மிருதங்கம் திடீரென்று ஓட்டம் எடுத்து முடிந்துவிட்டது. பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் போல. பாட்டை மறுபடி பிடிக்கத் தடுமாறியது எங்களுக்கே கேட்டது. பிறகு கைதட்டல். அதன் பிறகு செருப்புச் சத்தம். மொத்த ஹாலும் கேன்டீனுக்குள் வந்து இறங்கியது.

எல்லாம் ஓய்ந்த பிறகு வித்வான் மாலையும் சால்வையுமாக வந்தார். "ஊரே உக்காந்திருந்தது! நீ ஒருத்திதான் எழுந்து போனே!"

"உங்க தனிக்கு எப்பவுமே யாரும் எழுந்திருக்க மாட்டான்னுதானே சொல்லுவேள்? இன்னிக்கு மட்டும் என்ன, புதுசா நடந்த மாதிரி குதிக்கறேள்?"

மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வித்வான் என்னைப் பார்த்தார். நான் துடைத்த மேஜையை இன்னொரு முறை துடைத்தேன்.

மனைவிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "சரி, எனக்கு ரெண்டு வடை கொண்டா."

"தீந்து போச்சு சாமி" என்றார் மாஸ்டர். "ஒரு ஆள் பாக்கியில்லாம உங்க தனிய கேட்டுட்டு, எல்லாம் ஒண்ணா வந்து வுயுந்துச்சு. சட்டி காலி."

வித்வான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ" என்றார்.