ஆள் சேரும்வரை அரசியல்

எனக்குப் பொறுமை கிடையாது. கண்ணமங்கலத்தில், பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும் சாலையோரத்தில் வளர்ந்தவள் நான். என்னைப் போய் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போட்டார்கள். திருப்பத்தூரில் வீடு பிடித்தேன். அங்கிருந்து காலையில் மேலே போக, பள்ளி நேரத்துக்கு ஷேர் ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. ஜீப்புக்கு இத்தனை மணி என்று கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும், நிறையாவிட்டால் நிற்கும்.

"இன்னும் ரெண்டு டிக்கெட்டு சேரட்டும் டீச்சர்" என்பார் டிரைவர் அண்ணன். அந்த ரெண்டு டிக்கெட் வந்து சேர்வதற்குள் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிடும்.

கோபத்தை அடக்கத்தான் புத்தகம் கொண்டுபோக ஆரம்பித்தேன். கதைப் புத்தகம் எனக்கு ஒத்துவராது. நிலம் யார் கையில் இருக்கிறது, சாதி எப்படி வேலை செய்கிறது, பஞ்சாயத்துக்கு வரவேண்டிய அதிகாரம் வழியில் எங்கே தங்கிவிடுகிறது, இந்த மாதிரிப் புத்தகங்கள்தான் என் ருசி. எழுதுகிறவர்களில் பாதிப் பேர், எளிமையாக எதையும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு உட்காருகிறார்கள். அதனால் நான் திட்டிக்கொண்டேதான் படிப்பேன், அதுவும் வாய்விட்டு.

பக்கத்து சீட்டில் வழக்கமாக ஒரு அம்மா இருப்பார். விடிகாலையில் ஜீப்பின் முதல் நடையில் புளிக்கூடையோடு மலையிலிருந்து இறங்கி, சந்தையில் விற்றுவிட்டு, அடுத்த நடையில் என்னோடு திரும்புவார். ஒருநாள் என்னையே உற்றுப் பார்த்தார்.

"யார திட்றீங்க டீச்சர்?"

"இதை எழுதினவரை."

"இன்னா எழுதிக்கீறாரு? சத்தமா படிங்க, நானும் திட்றேன்."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் படித்த பொருளாதாரப் புத்தகம் ஜீப்பையே தூங்க வைத்துவிட்டது. சாதியைப் பற்றிய புத்தகத்துக்கு ஒருத்தரும் தூங்கவில்லை, சண்டைதான் வந்தது. முன்னுரை என்றால் எல்லாரும் ஒரே குரலில் "அத்த தாண்டுங்க" என்றார்கள். முன்னுரை எழுதுகிற பெரிய மனிதர்களை ஒரு தடவையாவது அந்த ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இதில் ரொம்ப சந்தோஷப்பட்டவர் டிரைவர் அண்ணன்தான். "வண்டிய எட்ப்பா" என்று கத்த இப்போது ஆளில்லை. ஆள் நிறைந்த பிறகும் "அந்தப் பக்கம் முடியட்டும், இரு" என்று அவரையே நிறுத்தி வைத்தார்கள். அவர் சீட்டுக்கடியில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை வைத்து, என் புத்தகங்களுக்கு இடம் போட்டுக்கொடுத்தார். நான் வராத நாட்களில், வேறு யாராவது படிக்கத் தெரிந்தவரைப் பிடித்து முன்சீட்டில் உட்கார வைப்பாராம்.

அந்தப் பெட்டிக்குள்தான் கிராம சபையைப் பற்றிய ஒல்லிப் புத்தகமும் போய்ச் சேர்ந்தது. கிராம சபையில் யார் பேசலாம், என்ன கேட்கலாம், தீர்மானம் எப்படிப் போடுவது என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லும் புத்தகம். திட்டுவதற்கு எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜீப்பில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான்.

"அப்ப நாம பஸ்ஸு கேக்கலாமா?" என்றார் புளிக்கார அம்மா. "காலையில மலயிலேர்ந்து எறங்கறதுக்கு ஒண்ணு?"

கேட்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் டிரைவரின் முதுகைப் பார்த்தார்கள். காலை நடைதான் அவருக்குச் சோறு. பஸ் வந்தால் யார் ஜீப்பில் ஏறுவார்கள்? அவர் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

அடுத்த நாள் பெட்டியில் அந்தப் புத்தகம் மட்டும் இல்லை. புளிக்கார அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"புக்கு எங்க?"

"வூட்ல கீது" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

"இருக்கட்டும். எங்களுக்குத்தான் மனப்பாடம் ஆயிடுச்சே."

ஜீப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு உறுத்தியது. ஊருக்குப் பஸ் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த மனிதரின் வண்டியிலேயே உட்கார்ந்து, அவர் கொடுத்த இடத்தில் வைத்த புத்தகத்தைப் படித்தல்லவா அவர் பிழைப்பில் கைவைக்கிறோம்.

சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் கிராம சபை. கூட்டத்துக்குத் தூரத்துக் குடிசைகளிலிருந்து பாதிப் பேரை ஏற்றி வந்தது அந்த ஜீப்தான். இறக்கிவிட்டு அவர் கடைசியில் மரத்தடியில் போய் நின்றுகொண்டார். தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடிந்ததும் புளிக்கார அம்மா எழுந்தார். காலை எட்டு மணிக்கு மலையிலிருந்து திருப்பத்தூருக்கு ஒரு பஸ் விடவேண்டும் என்று, புத்தகத்தில் இருந்த முறை பிசகாமல் தீர்மானம் கேட்டார்.

இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் தலைவர்.

மரத்தடியிலிருந்து டிரைவர் அண்ணன் முன்னால் வந்தார்.

"எட்டு மணின்னு எழுதாதீங்க" என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தொழில்தானே.

"ஏழுன்னு எழுதுங்க. எட்டுக்கு எடுத்தா திருப்பத்தூரு காலேஜுல மொத வகுப்பு போய்டும். எம் பொண்ணு அங்கதான் படிக்கிறா. விடிகால நடையில புளிக்கூடைக்கே எடம் பத்தல. அதுக்கு அடுத்து எறங்கற நடையில, வண்டி ரொம்பாம எடுத்தா டீசலுக்குக் கட்டாதுன்னு, பெத்த பொண்ணயே தெனம் முன்சீட்டுல காக்க வச்சிக்கீறேன். லேட்டா போயி கிளாசுக்கு வெளிய நிக்கிறா. அந்த புக்க வூட்ல அவதான் எனக்குப் படிச்சிக் காட்னா. படிச்சிட்டு ஒண்ணுமே கேக்கல. கேட்டிருந்தாக்கூட தேவல."

புளிக்கார அம்மா இன்னும் உட்காரவில்லை. "அப்ப உன் ஜீப்பு?" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

"பஸ்ஸு ஏழுக்குப் போய்டும். அப்பறம் வர்றவங்க இருப்பாங்கல்ல, பாத்துக்கலாம்" என்றார் அவர். "அவ உள்ள ஒக்காந்து படிக்கட்டும்."

எல்லாரும் கை தூக்கினார்கள். எனக்கு அந்த ஊரில் ஓட்டில்லை, நானும் தூக்கிவிட்டேன். தலைவர் என்னைப் பார்த்துக் கையை இறக்கச் சொன்னார், இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். செயலாளர் எட்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார்.