இஸ்திரி மாப்பிள்ளை காரைக் கெடுக்கவில்லை

காரைக் கெடுத்துவிட்டு ஓடிப்போனாராம்! யார் சொன்னது? எதிர்வீட்டுக்காரிதானே? அவள் வீட்டு மிக்ஸி ஓடாவிட்டால்கூட எங்கள் மாப்பிள்ளைதான் காரணம் என்பாள். மாடி ஜன்னலில் தாடையை ஊன்றிக்கொண்டு பாதியைப் பார்ப்பது, மீதியை வாயால் ஒட்டுப்போட்டுக்கொள்வது, இதுதான் அவள் பிழைப்பு. நான் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவள். முழுசையும் சொல்கிறேன். அதற்குப் பிறகும் அவரைக் குறை சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

மாப்பிள்ளைக்குச் சலவைக்கடையில் வேலை. ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் விரிப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய கடை. துவைக்கிற இயந்திரம், உலர்த்துகிற இயந்திரம், நீராவி இஸ்திரி எல்லாவற்றுக்கும் அவர்தான் ஆள். தெருவில் அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. பெயருக்கு ஏற்ற ஆள்தான். தூங்கும்போதுகூட மடிப்புக் கலையாமல் தூங்குவார். மூக்கைத் துடைத்த கைக்குட்டையை நாலு மூலையும் சேர மடித்துத் திரும்பவும் பையில் வைப்பார். பார்க்கிற நமக்குத்தான் குமட்டும். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் "சரிங்க மாமா" என்ற இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். அவர் கெட்டதும் அதனால்தான்.

வீடு கிடைக்கிற வரைக்கும் என்று என் மகளும் அவரும் கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். அவர்கள் வந்தபோது வாங்கின துடைப்பம் தேய்ந்து குச்சியாகிவிட்டது, இவர்கள் இன்னும் பின்னறையில்தான். கட்டிலை விரித்தால் அந்த அறையின் கதவு மூடாது. எங்கள் வீட்டுக் கிழவர் இருக்கிறாரே, என் புருஷரைத்தான் சொல்கிறேன், காதில் விழுந்தால் விழட்டும், அவர் சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருமுவார்.

"இப்படி இருமிக்கிட்டே இருந்தா வீட்டுக்குப் பேரப்பிள்ளை எங்கிருந்துங்க வரும்?" என்று கேட்டேன். முறைத்தார். இருமலை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியில் சலவைக்கடைக்குப் பக்கத்து மாடியில் ஒரு வீடு அமைந்தது. ஒரு கூடம், ஒரு அறை, மூடுகிற கதவு. மகளுக்கு ஆசை முகத்தில் வழிந்தது. ஆனால் அவளுக்கென்று ஒரு பிடிவாதம். "அப்பா வாயால போயிட்டு வாங்கன்னு சொல்லணும்மா. சொல்லாம நான் வாசலைத் தாண்ட மாட்டேன்." இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என்னைப் பார்க்காதீர்கள்.

கிழவர் லேசில் சொல்கிற ஆளா? "குழாய் சொட்டினா வாஷர் மாத்தத் தெரியாது. பல்பு போனா அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பாரு. இவரு தனியாப் போய் என்னத்தக் குடும்பம் நடத்துவாரு?" என்றார். இந்த வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறவள் நான் என்பது இன்றுவரைக்கும் கிழவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிழவரின் கார் ஏ.சி. படுத்துக்கொண்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற காலம். ஓடும்போது லேசாகக் குளிரும். சிக்னலில் நின்றால் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். ஒரு நாள் கிழவர் சட்டையைப் பிழியலாம் போல நனைந்து வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை, இந்த ஏ.சி.ய நம்ம வாசல்ல வச்சு நீங்களே சரி பண்ணுங்க. பண்ணிட்டா தாராளமாத் தனிக்குடித்தனம் போங்க. நானே வாயாரச் சொல்லி அனுப்பறேன்."

"சரிங்க மாமா."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கேஸ் டின்களும், ஒரு குழாயும், குழாயோடு சேர்ந்த சின்ன மீட்டரும் வாங்கி வந்தார். எனக்கு எழுத்து தெரியாது. முள்ளும் நிறமும் தெரியும். பச்சையில் நின்றால் சரி, சிவப்புக்குப் போனால் வம்பு. முதலில் அவர் சோப்புத் தண்ணீரை நுரைக்க நுரைக்க அடித்து, பானெட்டுக்குள் இருந்த குழாய் மூட்டுகளில் எல்லாம் தடவினார்.

"கேஸ் கசிஞ்சா அந்த இடத்துல முட்டை முட்டையா வரும் அத்தை."

ஒரு முட்டையும் வரவில்லை. பிறகு இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை மாட்டினார். முள் பச்சையின் கடைசியில் போய் நின்றது.

"மாமா, கேஸ் நிறைஞ்சுதாங்க இருக்கு."

"நிறைஞ்சிருந்தா ஏன் குளிரல?"

"அதாங்க தெரியல."

"மீட்டர் பொய் சொல்லுது. ஏத்துங்க."

"கசிவும் இல்லைங்களே மாமா..."

"காரு யாருது?"

"உங்களுதுங்க மாமா."

"அப்ப ஏத்துங்க."

"சரிங்க மாமா."

இந்தப் பேச்சு எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் எட்டவில்லை. ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டு நின்ற கிழவர் தெரிந்திருப்பார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஏற்றினார். முள் பச்சையை விட்டுக் கிளம்பியது. குளிரவில்லை. "டின்னைக் கவுத்துப் பிடிங்க, அடியில தங்கினதும் இறங்கட்டும்" என்றார் கிழவர். கவிழ்த்ததும் மூட்டுப் பக்கம் கேஸ் புஸ்ஸென்று சீறி, மாப்பிள்ளையின் விரல் வெள்ளையாக மரத்துப்போனது. நான் பதறி வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் அதில் விரலை முக்கவைத்தேன்.

மேலிருந்து எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "என்னங்க, இஸ்திரி காருக்கு ஊசி போடறாரா?"

"ஆமா, அடுத்தது உன் வாய்க்குத்தான். இறங்கி வா" என்றேன்.

விரலைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை அடுத்த டின்னையும் ஏற்றினார். முள் சிவப்பைத் தொட்டது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம், கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஓடும்போது வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சக் குளிரும் போச்சு.

"காரைக் கெடுத்துட்டீங்களே மாப்பிள்ளை!" என்று கிழவர் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார். தெரு கேட்டது இதை மட்டும்தான். அன்றைக்குக் கிழவரின் தட்டில் என் சோற்றுக் கரண்டி ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. அவர் இன்னும் கேட்டதற்கு, "மீட்டர் நிறைஞ்சிருக்குன்னு சொல்லுதுங்க" என்றேன். மகள் மட்டும் கட்டின பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அடுக்கினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மாலை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் காரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, மன்னிப்புக் கேக்கறீங்களா காருகிட்ட?"

"இல்ல அத்தை. கடையில டிரையர்ல துணி காயலன்னா, புது ஆளு சூட்டை ஏத்துவான். பழைய ஆளு முதல்ல பஞ்சு வலையை உருவிப் பாப்பான். துணியில உதிர்ற பஞ்செல்லாம் அதுல அடைச்சுக்கும். காத்து போக வழி இல்லன்னா எவ்வளவு சூடு குடுத்தாலும் காயாது. நேத்து நான் புது ஆளு வேலை பாத்துட்டேன்."

முன்பக்கத்து கிரில்லைக் கழற்றினார். அதற்குப் பின்னால்தான் கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் இருக்கிறதாம். கண்டென்சர் எங்கே தெரிந்தது? கறுப்பாக, நனைந்த பூனை சுருண்டு படுத்த மாதிரி என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. பிரசவம் பார்க்கிறவள் போல இரண்டு கையாலும் பதமாக இழுத்தார். அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சருகு, இறகு, செத்த பூச்சி, புழுதி எல்லாம் அப்பிக்கொண்டு, நாலாக மடித்துக் கம்பி போட்டுக் கட்டின எங்கள் வீட்டுப் பழைய கொசுவலை!

கிழவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "அதை ஏன் எடுத்தீங்க? எலி நுழையாம இருக்க நான் கட்டினது அது!"

"எப்பங்க மாமா கட்டினீங்க?"

"வெயில் ஆரம்பிக்கறதுக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

"எலிக்கு வலை கட்டி மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கீங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? மாப்பிள்ளை, தூசியைத் தட்டிட்டுத் திரும்பக் கட்டுங்க."

"மாட்டேங்க மாமா."

கிழவர் அசந்துபோனார். நானும்தான். அந்த வாயில் அப்படி ஒரு வார்த்தை இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"அப்ப ஏறின கேஸையாவது திறந்து காத்துல விடுங்க."

"அதுவும் கூடாதுங்க மாமா. காத்துக்குக் கெடுதி, மெஷின் வச்சுத்தான் உறிஞ்சணும்."

கார் ஏ.சி. பழுது பார்க்கிற கடைக்காரர் ஒருவரின் ஆட்கள் போடுகிற உடுப்பெல்லாம் மாப்பிள்ளை கடைக்குத்தான் வெளுக்க வரும். அந்தப் பழக்கத்தில், மாப்பிள்ளை கூப்பிட்டதும் அந்தக் கடைக்காரர் வேனில் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். அதற்குள் மாப்பிள்ளை பட்டுத்துணி அலசுவது போலக் கண்டென்சரை மெல்லக் கழுவி முடித்திருந்தார். கடைக்காரர் பழைய கேஸ் முழுவதையும் இயந்திரத்துக்குள் உறிஞ்சி எடுத்தார். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டை மகள் படித்துச் சொன்ன எடைக்கு, பொட்டுக் கூடாமல் குறையாமல் நிரப்பினார். நின்றுபோன கம்ப்ரசர் திரும்ப ஓடி, கார் நின்ற இடத்திலேயே குளிர்ந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன், விரல் விறைத்தது.

இப்போதாவது கிழவர் சொன்னாரா? "மெஷின்காரன்ல வந்து பண்ணினான்? மாப்பிள்ளை கையால பண்ணலையே" என்றார்.

"உங்க வலையை எடுத்தது யார் கைங்க?"

 அன்றிலிருந்து மகள் பக்கத்தில் வந்தாலே கிழவர் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிடுவார். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அங்கேயே பேப்பர், அங்கேயே தூக்கம்.

புது வீட்டுச் சாவி வந்த நாளிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மகள் வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் பையோடு நின்றாள். கண் கலங்கியிருந்தாள், ஆனால் கால் நகரவில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். நேரே போய்க் கார் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"மாமா, நாங்க கிளம்பறோம். நீங்க சொன்னாத்தான் அவ வாசலைத் தாண்டுவா. நீங்க சொல்ற வரைக்கும் இந்தக் கதவை நான் விட மாட்டேன்."

வெயில் உள்ளே போனது, குளிர் வெளியே வந்தது. கிழவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"போயிட்டு வாங்க" என்றார்.  ஒரு தடவை இருமினார். "ரெண்டு பேரும் நல்லா இருங்க. கதவைச் சாத்துங்க, குளிர் போகுது."

மாப்பிள்ளை சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். அவர் பெட்டியைத் தூக்குவதற்குள் மகள் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றாள்.