மப்ரூக்காவின் பள்ள வீடு

மப்ரூக்காவுக்கு நாற்பத்தாறு வயது. புது மத்மாத்தாவில், தண்ணீர்க் குழாயும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டில் குடியிருக்கிறாள். தினமும் காலை ஏழரை மணி வேனில் மலையேறிப் பழைய ஊருக்குப் போவாள். அங்கே அவள் அப்பா பிறந்த பள்ள வீடு இருக்கிறது. மண்ணை நேர்கீழாகத் தோண்டி, சுற்றிலும் அறைகள் குடைந்த வீடு. அதில் கடைசியாக ஒருவர் படுத்து எழுந்து பதினாறு வருடம் ஆகிறது.

போனதும் முற்றம் பெருக்குவாள். சிவப்பு மேலாடையைச் சுற்றி இரண்டு வெள்ளி ஊசிகளால் குத்திக்கொள்வாள். மின்விளக்கின் மேல் சாக்குத் துணியைத் தொங்கவிடுவாள். கைபேசியைச் சத்தம் நிறுத்திக் குதிருக்குள் போடுவாள். பிறகு ஒரு பிடி பார்லியோடு திரிகைக்கு முன்னால் உட்காருவாள். ஊர் பார்க்க வரும் பயணிகள் கேட்பார்கள்: "இங்கேயா இருக்கீங்க?" அவள் சொல்வாள்: "ஆமா, இங்கதான்." ரொட்டி, ஆலிவ் எண்ணெய், தேன், புதினா டீ கொடுப்பாள். போகும்போது அவர்கள் தட்டில் ஏதாவது வைப்பார்கள்.

இதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை, வேலை என்றுதான் நினைத்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பி நூரியை இந்த வேலையில்தான் படிக்கவைத்தாள். அவன் இப்போது வடக்கே பிஸெர்த்தாவில் துறைமுகப் பொறியாளர். வேனில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இறங்குவதற்குள் இது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பிஸெர்த்தாவிலேயே உன்ஸ் என்ற பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தது. பெண்ணின் அம்மா வஸீலா, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

"உன் வேலை என்னன்னு கேக்குறாங்கக்கா," என்று நூரி போனில் சொன்னான்.

"தையல்னு சொல்லிடு."

"உள்ளதைச் சொன்னா என்ன?"

"போறவங்க வர்றவங்க தட்டுல போட்டதுல படிச்ச மாப்பிள்ளைன்னு பேசுவாங்கடா. சொன்னதைச் செய்."

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மப்ரூக்கா ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைத்தாள். புதுத் திரை மாட்டினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பக்கத்துப் பள்ள வீட்டு ஸல்ஹா மேலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரு அம்மா வர்றாங்க. நம்ம நாட்டு ஆளுதான், வடக்கத்தி மாதிரி தெரியுது. நல்லா அரை."

முற்றத்துக்கு இறங்கும் சுரங்க வழியாக வந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். முன்பின் பார்த்த முகமில்லை. மப்ரூக்கா திரிகையைச் சுற்றினாள்.

"குளிர்காலத்துல எப்படிம்மா இருக்கீங்க? கரண்டு கிடையாதா?"

"பழகிடுச்சுங்கம்மா."

"பிள்ளைங்க?"

"யாரும் இல்ல."

"கூடப் பிறந்தவங்க?"

பரிதாபம் கூடினால் தட்டும் கூடும். அவள் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். "அவங்களும் இல்ல. நான் மட்டும்தான்."

அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் போர்த்தியிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து மப்ரூக்காவின் தோளில் போட்டார். அப்போது வழியில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் ஓர் இளம்பெண். பின்னால், காரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க நூரி.

"நூரி, இவங்களைப் பாருப்பா," என்றார் வஸீலா. "சொல்லிக்க ஒரு உறவு இல்லையாம்."

மப்ரூக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பியின் மானம் போகக் கூடாது. "வாங்க ஐயா, உக்காருங்க," என்றாள், யாரோ ஒரு பயணியிடம் சொல்வதுபோல.

நூரி உட்காரவில்லை. காதெல்லாம் சிவந்து நின்றான். "ஏழு தடவை கூப்பிட்டேன்," என்றான். "ஊர் பாக்கணும்னு இன்னைக்கே கிளம்பிட்டாங்க. போனை ஏன்க்கா எடுக்கல?"

திரிகை நின்றது. வஸீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தையல்னு சொன்னியே?"

"அவனை ஒண்ணும் கேக்காதீங்க," என்றாள் மப்ரூக்கா. "நான்தான் சொல்லச் சொன்னேன். நான் இங்க குடியிருக்கலை. கரண்டு இருக்கு, துணி போட்டு மறைச்சிருக்கேன். தம்பி இல்லைன்னு சொன்னதும் நான்தான்."

"இந்த மாவு?" என்று உன்ஸ் கேட்டாள்.

"கோழிக்கு."

உன்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வஸீலா சிரிக்கவில்லை. மப்ரூக்கா சால்வையை நான்காக மடித்து நீட்டினாள். வஸீலா வாங்கவில்லை.

"போட்டது போட்டதுதான். ஆள் யாருன்னு தெரிஞ்சா போட்டேன்? நாளைக்கு மதியம் வர்றோம். என் பொண்ணை உங்க வீட்டுக்குத்தான் கேட்டிருக்கீங்க, அங்கயாவது உள்ளதைச் சொல்லுங்க."

மறுநாள் வந்தார்கள். கறியோடு வைத்த கோதுமைரவை குஸ்குஸ் குழையாமல் வந்திருந்தது. திருமணம் செப்டம்பரில் என்று பேசி முடித்தார்கள். வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரிமாறி முடிக்கும்வரை மப்ரூக்காவால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன்னை அக்கா என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. தம்பி இல்லை என்று சொல்ல அவளுக்கு அவ்வளவுகூட ஆகவில்லை.

அந்தச் சால்வை அவள் பெட்டியில் இருக்கிறது. நல்ல கம்பளி. இரண்டு குளிர்காலம் போய்விட்டது. அவள் அதை ஒரு தடவைகூடப் போர்த்தவில்லை.