எப்ப வருவே?

மலைக்குப் போன அப்பா எப்போது வருவார் என்று அம்மா சொல்லியிருந்தால், சிறுவயதில் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேனோ?

இந்த வார இறுதியில் தோழிகளோடு மலையேறப் போவதற்காக, நேற்று பையில் வலித்தைலம் வைத்தேன். அந்த வாசத்தில், சிறுவயதில் நாங்கள் இருந்த போத்தனூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறப் போயிருந்தார். "மலைக்குப் போனவங்க எப்ப வருவாங்கன்னு கேக்கப்புடாது கண்ணு" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டார். வாசல் கேட்டைப் பிடித்தபடியே நின்றேன். மறுநாள் நண்பர்களின் தோளில் தொங்கி நொண்டிக்கொண்டு வந்தார் அப்பா. "ஏனுங்க, ஒரு காலை மலையிலயே உட்டுப்போட்டு வந்தீங்களா?" என்று சிரித்தபடி அம்மா தைலம் தேய்த்தார். நான் அழுதுகொண்டே இருந்தேன்.

"அம்மா எப்ப வருவே?" என்கிறாள் என் மகள். ஞாயிறு சாயங்காலம் என்று சொல்லி, மழையில் தாமதமாகிவிட்டால்? சிறு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வெளியூர் போன அம்மாக்களே, நீங்கள் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்? எழுதுங்களேன்.