பெரியகல்லாற்று மீன்கொத்தி

போன கிழமை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தேன். விருந்தாளியாகவா என்று கேட்காதீர்கள். அறைக் கதவுகளில் இலக்கம் எழுதத்தான். ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன மீன் வேண்டுமாம், வெளிநாட்டுக்காரர் விரும்புவார்களாம். வரவேற்பு மேசையில் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, வெளிச்சம் போட்டு, நான் பெயின்ற் அடித்த மீன்கொத்தி ஹெல்மெட். பையிலிருந்த, பெயின்ற் கரைக்கும் தின்னர் போத்தலின் மூடி சரியாக இறுகவில்லை போலும். வாசம் மூக்கில் ஏறியது.

தின்னர் வாசம் பலருக்குத் தலையிடி. எனக்கு அது அளவுக்கு மிஞ்சிப் பழுத்த வாழைப்பழம், கூடவே ஹென்றி அண்ணனின் ஏச்சு. மட்டக்களப்பு டவுனில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பட்டறை வைத்திருந்த பறங்கி மனிதர் அவர். வீட்டில் போர்த்துக்கீசு, எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். நம்பர் தகட்டில் எழுத்து எழுதவென்று அங்கே சேர்ந்தவள் நான். பிறகு ஓட்டோக்களின் பின்பக்கத்தில் பூ வரைந்தேன், ஒரு ஜோடிக் கண் வரைந்தேன். அந்தக் கண் ஒன்று கொஞ்சம் மாறுகண்ணாகிப்போனது வேறு கதை. ரேஸ் ஹெல்மெட்டுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவன் என் தம்பி சுதன்.

சுதன் எங்கள் ஊரான பெரியகல்லாற்றின் கடற்கரை மணலில் பைக் ஓடிப் பழகியவன். மணலில் ஓடியவனுக்குச் சேறு ஒரு பொருட்டே இல்லை. தெற்கே நடந்த மண்பாதை ரேஸ் ஒன்றில் அவனைக் கண்ட ஹோட்டல் முதலாளி ஒருவர் தன்னுடைய அணியில் சேர்த்துக்கொண்டார். பைக் கொடுத்தார், வெள்ளை ஹெல்மெட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். “உங்கட அக்கா கீறுவாதானே, எதையாவது கீறிப் போடச் சொல்லும்” என்றாராம். எதையாவது!

சுதனுக்கு எல்லாமே வேண்டும்.

“அக்கா, ஒரு பக்கம் பாடுமீன், மறுபக்கம் கல்லடிப் பாலம், பின்னால லைற் ஹவுஸ்.”

“மேல உன்ட சாதகத்தையும் எழுதி விடட்டா?”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் ரேஸில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முகம் மூடியிருக்கும். உடுப்பெல்லாம் சேறு, முதுகு இலக்கம் தெரியாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆள் போய்விடுவான். சனம் தலையை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கும். நுணுக்கமாகக் கீறியதெல்லாம் அங்கே வெறும் ஊத்தை மாதிரித்தான் தெரியும். பெரிய நிறம் வேண்டும், தூரத்திலேயே அடையாளம் தெரிய வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் வாவிக்கரைக் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து குந்தும். அதைத்தான் எடுத்தேன். நாடிப் பக்கம் வெள்ளை, இரண்டு காதுப் பக்கமும் மண்ணிறம், பிடரியில் பளிச்சென்ற நீலம். நெற்றிக்கு மேலே வெயிலுக்கு நீண்டுகொண்டிருக்கும் தகட்டுக்குச் சிவப்பு. அது சொண்டு.

அது மாரி காலம். ஈரக்காற்றில் மினுக்கு வார்னிஷ் அடித்தால் பால் ஊற்றினதுபோல் வெளுத்துப்போகும். காய்ந்த இடமென்று ஊரில் இருந்தது ஹென்றி அண்ணன் வீட்டுக் குசினி மட்டும்தான். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் போட்டுச் சூடாக இருந்த குசினியில், அடுப்பை அணைத்துவிட்டு அடித்து முடித்தோம். அந்த வருடம் அவர் வீட்டுக் கேக்கெல்லாம் தின்னர் மணத்தது. அவர் மனைவி எனக்கு ஒரு துண்டைக் கையில் தந்து, நின்று பார்த்து, முழுவதையும் சாப்பிட வைத்தார்.

பெயின்ற் அடிக்க முதல் உள்ளேயிருந்த கன்னப் பஞ்சு இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். சுதனுக்கு ஒட்டிய கன்னம், ஹெல்மெட் ஆடியது. அம்மா இன்னொரு படை ஸ்பொஞ்ச் வைத்து, பழைய பருத்திச் சீலைத் துண்டால் மூடித் தைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு, “அம்மா என்ட கன்னத்தைப் புடிச்சிட்டு இருக்கிற மாதிரி இருக்கு கா” என்றான்.

அடுத்தடுத்த ரேஸ்களில் தெற்குச் சனம் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டது. ‘பிலிஹுடுவா’. சிங்களத்தில் மீன்கொத்தி. சுதன் என்ற பெயர் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாவிட்டால் என்ன, தலை தெரிகிறதே என்று பெருமைப்பட்டேன். என்னுடைய புத்தியைப் பாருங்கள்.

பெரிய ரேஸுக்கு முதல் நாள் பயிற்சியில் விழுந்து சுதனின் காறை எலும்பு முறிந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் போனில் படம் வந்தது. மீன்கொத்தி முதலாவது! வீடு நிறையச் சனம். ஹென்றி அண்ணன் டவுனிலிருந்து கேக்கோடு வந்து, “எங்கட பொடியன்!” என்று கத்தினார். அம்மா சுதனுக்குப் போன் எடுத்தார்.

“மனே, வெண்டிட்டியாம்!”

“ஓம் அம்மா” என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சொன்னான்.

ஓடியது முதலாளியின் மகன். அவனும் அதே ரேஸுக்குப் பதிந்தவன்தான், முன்னர் ஒருமுறையும் வென்றதில்லை. சனம் கத்துவது மீன்கொத்திக்கு என்று கண்டு, தன்னுடைய ஹெல்மெட்டை வைத்துவிட்டு என் தம்பியினதைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த பருவத்துக்கும் பைக் உண்டு என்று முதலாளி சொன்னாராம். அம்மாவின் குரலில் இருந்த சந்தோசத்தை உடைக்கவும் சுதனுக்கு மனம் வரவில்லை.

ஒரு கிழமையில் வீடியோ வந்தது. மேடையில் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தவனுக்குப் பூரண சந்திரன் மாதிரி முகம். ஊர்ச்சனம் முதலாளியை ஒன்றும் கேட்கவில்லை. “ஓடாம ஓடினனெண்டு கேக் வெட்ட வெச்சவன்” என்று என் தம்பியைப் பார்த்துத்தான் சிரித்தது. பைக்கும் வரவில்லை. ஹெல்மெட்டையாவது தாருங்கள் என்று நான் போனில் கேட்டேன். “பெயின்ற் நான் அடிச்சது, தலை என்ட தம்பிட” என்றேன்.

“தலையை உங்கட தம்பி கொண்டுதானே போனவர்?” என்றார் முதலாளி.

சுதன் இப்போது கட்டாரில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். கொம்பனி கொடுத்த ஹெல்மெட், எல்லாருக்கும் ஒரே நிறம். ஹென்றி அண்ணன் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்விட்டார், பட்டறை இருந்த இடத்தில் போன் கடை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாசிக்குடாக் கண்ணாடிப் பெட்டியின் கீழே முதலாளி மகனின் பெயர் எழுதியிருந்தது; இது அவருடைய ஹோட்டல் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் குனிந்து முகம் வரும் இடைவெளியால் உள்ளே பார்த்தேன். வரவேற்பு மேசைப் பிள்ளை ஓடி வந்தாள்.

“வடிவாயிருக்கு என? எங்கட முதலாளி சேர்ட மகன்ட. கண்ணாடியில கை வெக்காதீங்க அக்கா.”

“உள்ளுக்குக் கன்னத்தில பஞ்சு இருந்திச்சே, எங்க?”

“பஞ்சா? எனக்குத் தெரியாதே.”

வெறும் ஓடு தெரிந்தது. அந்தப் பூரண சந்திர முகம் நுழைவதற்காகப் பஞ்சைப் பிடுங்கியிருக்கிறார்கள். நான் அடித்த பெயின்ற் அப்படியே இருக்கிறது, ஒரு பொட்டும் மங்கவில்லை. தம்பியின் கன்னம் பதிந்திருந்தது அம்மா தைத்த அந்த இரண்டு துண்டில்தான்.