பதினாறில் பதினைந்து

தங்கை புருஷன் ஆர்வோ ஹாப்பலாவின் கடையில் கிளென் பெல்டோ ஒன்பது வருஷமாக ஒரு துண்டு இறைச்சி வாங்கவில்லை. பனியில் வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், அங்கே கொழுப்பும் ஜவ்வுமாக வெட்டிக் கொடுப்பதை வாங்கித் தின்றான். ஆர்வோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘நான் சொன்னது தப்பு மச்சான்.’ அவ்வளவுதான். அந்த ஆளின் வாயிலிருந்து அது மட்டும் வரவே இல்லை.

ஆர்வோ அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையிலேயே பிறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கறிக்கத்தியைப் பிடித்தவன். சின்ன வயதில் கணுக்கால் உடைந்து கோணலாகச் சேர்ந்ததால் பனிக்கட்டியில் சறுக்கவே வரவில்லை. சறுக்கத் தெரியாத ஆண்பிள்ளையை அந்த ஊரில் யார் மதிப்பார்கள்? அதற்காகவே இந்தக் கணிப்பைப் பிடித்துக்கொண்டான் போலிருக்கிறது. நாட்டில் இருக்கிற கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிகளில் பதினாறுக்குத்தான் தேசியப் போட்டியில் இடம். எந்தப் பதினாறு, எது எத்தனையாவது, நான்கு ஊர்களில் எதை எந்த ஊருக்கு அனுப்புவார்கள், முதல் ஆட்டத்தில் யாரோடு யார் என்பதையெல்லாம், தேர்வுக்குழு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பதற்கு முன்பே பன்றித்தொடையைச் சீவிக்கொண்டே சொல்லிவிடுவான்.

“ஆர்வோ, நம்ம பசங்க உள்ளயா, வெளியவா?” என்று வாசலில் நின்றே கேட்பார்கள்.

“அவங்க உள்ளதான். நீதான் இன்னும் வெளிய நிக்கிற. கதவைச் சாத்துப்பா, குளிருது.”

அவன் சொல்லை நம்பி ஜனங்கள் முன்கூட்டியே ஓட்டல் அறை பிடித்தார்கள். பெரும்பாலும் பழுதில்லை.

மனஸ்தாபம் வந்த அந்த வருஷம் கிளெனின் மகன் கோரிக்கு ஊர்க் கல்லூரி ஹாக்கி அணியில் கடைசி வருஷம். நாலு வருஷமும் பெஞ்சைத் தேய்த்தவன், மற்றவர்களுக்கு மூச்சு வாங்கினால் மட்டும் இறக்கிவிடப்படுகிறவன். அணி பதினைந்தாவது இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளென் மாவட்டத்துப் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். போட்டி நடக்கும் மார்ச்சில் விடுப்பு என்று வாயைத் திறக்க முடியாது. வேறு ஓட்டுநரோடு ஷிப்டு மாற்றிக்கொள்ளலாம், அதுவும் ஒரு தடவைதான். அணியை மேற்கே ஃபார்கோவுக்கு அனுப்பினால் ஆட்டம் அறிவிப்புக்கு அடுத்த சனிக்கிழமை. கிழக்கே வூஸ்டர் என்றால் வெள்ளிக்கிழமை. எந்த நாளைக் கேட்பது?

அறிவிப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை. வாராவாரம்போல ஆர்வோ வீட்டு சவுனா, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்க்கும் அறை, சூடேறியிருந்தது. சமையலறை ரேடியோவில் கிழக்குக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டிலேயே முதலிடத்து அணி, எவனுக்கும் பேர் தெரியாத ஒரு அணியை மூன்றுக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுபோச்சு,” என்று ஆர்வோ சட்டையைக் கழற்றினான். “ஃபார்கோ. சனிக்கிழமை. போய் ஷிப்டை மாத்திக்கோ மச்சான்.”

“ஆட்டம் இன்னும் முடியலியே மாப்ளே.”

“கல்லு ஆறிப்போயிடும், வா உள்ள.”

சவுனாவுக்குள் யாரும் ரேடியோ கொண்டுபோவதில்லை. இருவரும் வேர்த்து வழிந்து, பனியில் புரண்டு, மறுபடி உள்ளே போனார்கள். வெளியே வந்த கிளென் ரேடியோப் பக்கம் போகாமல், துண்டோடு நின்றே சக ஓட்டுநர் வெஸ் டோரோலாவுக்குப் போன் போட்டு, அவனுடைய வெள்ளிக்கிழமை வேலையைத் தான் ஏற்றுக்கொண்டு சனி, ஞாயிறை ஓய்வாக வாங்கிவிட்டான். இனி அடுத்த சனிவரை வேலையில்லை என்று வெஸ் அப்போதே காட்டுக்குள் இருக்கும் தன் மரவீட்டுக்குக் கிளம்பிப் போனான். அங்கே போன் எடுக்காது.

இவர்கள் வேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பேர் தெரியாத அணி சமன் செய்து, கூடுதல் நேரத்தில் ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிவிட்டது. கோப்பை வென்றால் இடம் நிச்சயம். பட்டியலின் கடைசியில் அது நுழைந்தது. கடைசி அணி வூஸ்டரில் முதலிடத்து அணியோடு மோத வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே கூட்டமைப்பு, முதல் ஆட்டத்திலேயே மோதவிட மாட்டார்கள். ஆகவே அதை ஃபார்கோவுக்கும், அங்கே ஆட வேண்டியிருந்த கோரியின் அணியை வூஸ்டருக்கும் மாற்றிப் போட்டார்கள்.

மேஸ்திரியிடம் கெஞ்சினான் கிளென். ஏரியிலிருந்து புயல் வருகிறது, ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை லாரிக்குள் உட்கார்ந்து, பனியை ஒதுக்கிக்கொண்டே ரேடியோ கேட்டான். “கோரி பெல்டோ...” என்று வர்ணனையாளர் கத்தினார். லாரி மலைச்சரிவுக்குப் பின்னால் திரும்பிவிட்டது. அப்புறம் வெறும் இரைச்சல்.

கோல். அவன் மகன் நாலு வருஷத்தில் அடித்த ஒரே கோல். அணி தோற்றது. அதன் பிறகு கோரி ஹாக்கி மட்டையைத் தொடவில்லை. டெக்சஸுக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த கோலின் வீடியோவை கிளென் இன்றுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை ஆர்வோ கடையில் வாடிக்கையாளர்களிடம் சொன்னது கிளென் காதில் விழுந்தது: “பதினாறுல பதினஞ்சு சரி. இந்த மாவட்டத்துல வேற எவன் சொன்னான்?”

ஆனாலும் தங்கை லொரைனுக்காகச் சனிக்கிழமை சவுனாவுக்குப் போவதை கிளென் நிறுத்தவில்லை. மேல்பலகையில் ஏறிக்கொண்டு, கல்லில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுவான். ஆர்வோவின் காது வெந்துபோகும்.

“என்னைக் கொல்லப் பாக்குறியா?”

“தப்புன்னு சொல்லு, நிறுத்துறேன்.”

“தேர்வுக்குழுகிட்டப் போய்க் கேளு.”

ஒன்பது வருஷம் இப்படி. போன இலையுதிர் காலத்தில் ஆர்வோவுக்கு நுரையீரலில் புற்று என்றார்கள். மார்ச்சில் முன்னறையில் கட்டிலைப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை லொரைன் கூப்பிட்டாள்: “சவுனா போட்டிருக்கேண்ணா. அவரால இனிமே இறங்க முடியாது. நீயாவது வா.”

கிளென் போனது சவுனாவுக்காக இல்லை. அந்த ஒரு வார்த்தையை இப்போது வாங்காவிட்டால் இனி எப்போதும் கிடையாது என்பதற்காகப் போனான். ஆர்வோ எலும்பும் தோலுமாகக் கிடந்தான். தலைமாட்டில் ரேடியோ. ஏதோ ஒரு கூட்டமைப்பின் இறுதி ஆட்டம், கடைசிப் பகுதி. ஊர் அணி இந்த வருஷமும் விளிம்பில்தான்.

மன்னிப்புக் கேட்கவைக்க வந்தவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். பேச்சு குத்தலாகத்தான் வந்தது.

“என்ன மாப்ளே, இந்தத் தடவை எங்க? ஃபார்கோவா? போய் ஷிப்டை மாத்திக்கவா?”

ஆர்வோ மூச்சைச் சேர்த்துக்கொண்டான். கிளெனின் சட்டைக் கையைப் பிடித்தான். அந்தக் கையில் பிடிப்பே இல்லை.

“மாத்தாத. ஆட்டம் இன்னும் முடியல,” என்றான். “முடியறவரைக்கும் இருந்து கேளு மச்சான்.”